கேமரா நம்புகிற சாம்பல்

ஏப்ரல் 14 அன்று மீஞ்சூர்ப் பக்கத்தில் எடுக்கப்படும் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, நீலத் துண்டு, பின்னால் சுண்ணாம்படித்த சுவர், உச்சி வெயில். சட்டையும் சுவரும் பளிச்சென்று இருக்கும். முகங்கள் மட்டும் கரிக்கட்டையாக இருக்கும். படத்தைப் பார்க்கிற நம் பிள்ளைகளே "நம்ம கலர் அப்படி, என்ன பண்றது" என்று சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் 150 வருட வரலாறு இருக்கிறது தோழர்களே.

முதலில் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். சின்ன டிஜிட்டல் கேமராவுக்குள் ஒளியை அளக்க ஒரு மீட்டர் இருக்கிறது. எதிரில் இருப்பது மனிதரா மாடா சுவரா என்பது அந்த மீட்டருக்குத் தெரியாது. திரும்பி வரும் ஒளியை அளந்து, எல்லாவற்றையும் சேர்த்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று நம்பிக்கொள்கிறது. விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைத்தான் படக்கலைஞர்கள் காலங்காலமாக இதற்கு அளவாக வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்குள் வெள்ளைச் சுவர் நிறைந்திருந்தால், "இது சாம்பலை விட வெளுத்துவிட்டது" என்று முடிவு செய்து கேமரா ஒளியைக் குறைக்கும். சுவர் சாம்பல் பக்கம் இறங்கும். கறுத்த முகம் இருட்டுக்குள் போகும். நம் நிறம் செய்த வேலை இல்லை அது, மீட்டர் செய்த வேலை.

சரி, வெறும் கணக்குதானே, இதில் சாதி எங்கே, நிறவெறி எங்கே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் மதராஸிலிருந்தே தொடங்குகிறது.

1850களிலேயே மதராஸில் புகைப்படச் சங்கம் இருந்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் படக்காரராகக் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். அன்றைய முறை, கண்ணாடியில் கொலோடியன் பூசி ஈரம் காய்வதற்குள் எடுப்பது, அல்லது மெழுகு ஏற்றிய தாளில் எடுப்பது. அந்த ரசாயனத்துக்கு நீல ஒளி மட்டுமே உறைத்தது. சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. பழுப்புத் தோல் எதைத் திருப்பி அனுப்புகிறது? சிவப்பையும் மஞ்சளையும்தான். அதனால் அந்தக் காலப் படத்தில் வானம் வெறும் வெள்ளையாகவும், நம் ஆட்கள் நேரில் இருப்பதைவிடப் பல மடங்கு கறுப்பாகவும் விழுந்தார்கள். சாயம் சேர்த்து மற்ற நிறங்களையும் உணர வைக்கலாம் என்று ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோகல் கண்டுபிடித்தது 1873இல். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் கடைக்கு வந்தது 1906இல்.

அதற்கு முன்பே ஆட்சியாளர்கள் சாதிவாரியாகப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின், தாங்கள் ஆளும் மக்கள் யார் என்று தெரிந்துகொள்ளும் பதற்றம் அவர்களுக்கு. 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் லண்டனில் வந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் சாதியின் பெயரும் குணமும் எழுதப்பட்டது. பெரும்பாலும் வட இந்தியா. தெற்கின் பங்கை நிரப்ப வந்தவர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை அந்தப் பதவியில் இருந்தவர். காலிப்பருடன் ஊர் ஊராகப் போய் மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்தார், படம் எடுத்தார். 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வந்தது. இன்றைக்கும் நம் மாணவர்கள் பரம்பரைப் பெருமைக்கோ ஆராய்ச்சிக்கோ புரட்டுகிற நூல். புரட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தப் படங்களில் இருக்கும் நம் முன்னோரின் நிறத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை முடிவு செய்ததில் ரசாயனத்துக்கும் பங்கு உண்டு.

மூக்கு அளவைப் பற்றிய பதிலை பாபாசாகேப் 1948இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில் கொடுத்தார். அவர்கள் எடுத்த அளவுகளையே கையில் எடுத்து, இந்த விஞ்ஞானம் உண்மையென்றால் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் வரும் என்று காட்டினார். எதிராளியின் கருவியை எடுத்து அதன் கணக்கையே திருப்பிப் போடுவது. கேமரா விஷயத்திலும் நமக்குப் பயன்படுவது இந்த வழிதான்.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணப் பஞ்சம். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மக்களைக் குழுக் குழுவாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் விலா எலும்பு ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிகிறது. ஒருவர் பெயர்கூடத் தெரிவதில்லை. பசியைக் காட்ட வேண்டும் என்றபோது ஃபோகஸ் சரியாகவே விழுந்திருக்கிறது.

இப்போது அமெரிக்காவுக்குப் போக வேண்டும். நம் ஊருக்கு வந்த கலர் படத்தின் அளவுகோல் அங்கேதான் செய்யப்பட்டது. கோடாக் கம்பெனி தன் பிலிமைத் தானே கழுவிப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தது. 1954இல் ஏகபோகத் தடை வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டால் மற்ற லேப்களும் அந்த வேலையைச் செய்ய வழி பிறந்தது. எல்லா லேப்பிலும் கலர் ஒரே மாதிரி வர வேண்டுமே, அதற்காகக் கோடாக் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் உட்கார்ந்தவர் பெயர் ஷெர்லி, பிறகு யார் உட்கார்ந்தாலும் அது 'ஷெர்லி கார்டு'. அந்தத் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த தோல் எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இதைத் தேடி எழுதியவர் கனடா ஆய்வாளர் லோர்னா ராத். அவர் சொல்வதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. கறுப்பினத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்து முறையிட்டிருக்கிறார்கள். ஆனால் கம்பெனி அசைந்தது சாக்லேட் விளம்பரக்காரர்களும் மர நாற்காலி வியாபாரிகளும் "எங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை" என்று புகார் சொன்ன பிறகுதான். கறுப்பு, ஆசிய முகங்களும் சேர்ந்த கார்டு வந்தபோது 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

அதற்கு நேர் எதிரான கதை போலராய்டு. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கறுப்பு மக்கள் ஒவ்வொருவரும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. புத்தகத்துக்குப் படம் வேண்டும். போலராய்டின் அடையாள அட்டைக் கேமரா ஒன்றில் ஃபிளாஷைக் கூட்டுவதற்கென்றே தனிப் பொத்தான் இருந்தது. கறுப்பு முகம் தெளிவாக விழ அது உதவியது. குடும்பப் படத்துக்கு வராத அக்கறை, போலீஸ் கேட்டதும் வந்துவிட்டது. 1970இல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள் கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும் அலுவலகத்தில் தென்னாப்பிரிக்க அடையாள அட்டையின் மாதிரி ஒன்றைப் பார்த்தார்கள். போராட்டம் தொடங்கினார்கள். வேலை போயிற்று, விடவில்லை. ஏழு வருடம் கழித்து, 1977இல், போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. நம் வாசிப்பு வட்டங்களில் மால்கம் எக்ஸைப் பேசுகிறோம், இந்த இருவரையும் பேச வேண்டும்.

டிஜிட்டல் வந்ததும் இதெல்லாம் தீர்ந்துவிட்டதா? முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி வந்தது. பிரச்சினையும் கூடவே வந்தது. 2018இல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெளுத்த தோல் ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடு தவறின. கறுத்த தோல் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறின. போனில் இருக்கும் 'பியூட்டி' வசதியோ பழைய ஸ்டுடியோக்காரரின் டச்-அப் தூரிகையின் பேரப்பிள்ளை. கேட்காமலே வெளுக்க வைக்கும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

இனி நம் ஊர். மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் பகுதியில் படம் எடுப்பவருக்கு இரண்டு எதிரெதிர்ச் சோதனைகள் உண்டு. ஒன்று சாம்பல். வட சென்னை அனல்மின் நிலையம் 1994இல் இயங்கத் தொடங்கியதிலிருந்து கொட்டப்படும் நிலக்கரிச் சாம்பல், செப்பாக்கம் பக்கத்துக் குட்டையிலும் கொசஸ்தலையாற்று ஓரத்திலும் வெளிறிக் கிடக்கிறது. வெயிலில் அது கண் கூசும். அதன் மேல் நிற்கும் மனிதரை ஆட்டோவில் எடுத்தால், கேமரா சாம்பலைப் பார்த்து ஏமாந்து மனிதரை இருட்டாக்கும். இங்கே கூட்டல்-கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி +0.7 அல்லது +1 வையுங்கள். +1 என்றால் இரண்டு மடங்கு ஒளி.

இன்னொன்று எண்ணெய். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் முகத்துவாரத்துக்கு வந்தபோதும், மக்கள் வாளியாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள். கறுத்த எண்ணெய் சட்டத்தை நிறைக்கும்போது கேமரா எதிர்த் தவறைச் செய்யும். "ரொம்ப இருட்டு" என்று நினைத்து ஒளியைக் கூட்டும். தார் மாதிரி கிடக்கும் எண்ணெய் படத்தில் சாம்பல் நிறச் சேறாக வெளுத்துப் போகும். பார்ப்பவர் "இவ்வளவுதானா" என்பார். அங்கே -0.7, தேவைப்பட்டால் -1. முகத்தை மட்டும் சட்டம் நிறைய நெருங்கி எடுக்கும்போதும் இதே கதைதான், கறுப்பு வெளிறிவிடும். கொஞ்சம் கழித்தலில் வைத்தால்தான் நம் நிறம் நம் நிறமாக வரும். ஆகவே கறுப்பைக் கூட்டிக் காட்டு, வெளுக்க வை என்பது இல்லை பாடம். இருக்கிறபடி வர வை.

பச்சை நிற ஆட்டோவில் இருக்கும்போது பல சின்னக் கேமராக்களில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. 'பி' என்ற முறைக்குத் திருப்புங்கள். மீட்டரிங் பட்டியலில் 'ஸ்பாட்' என்று இருந்தால், நடுப்புள்ளியை முகத்தில் வைத்து அளக்கலாம். ஒளியைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிட்டுச் சட்டத்தை மாற்றலாம். ஃபோகஸிலும் இதேதான். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் வெளுப்பும் கறுப்பும் சந்திக்கும் கோட்டைத் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கும். இரவுக் கூட்டத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில் பேசுபவரின் முகத்தில் அது கிடைக்காமல் திணறி, பின்னால் இருக்கும் பேனரில் பாபாசாகேபின் கண்ணாடியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அவர் துல்லியமாக வருவார், பேசுகிற அக்கா மங்கலாக நிற்பார். முகம் தேடும் வசதியை அணைத்து, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, கண்ணிலோ சட்டைக் காலரின் விளிம்பிலோ ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு சட்டத்தை நகர்த்தி முழுதாக அழுத்துங்கள். கேமராவில் 'சி' என்ற முறை இருந்தால் இந்த அமைப்புகளை அதில் சேமித்து வைக்கலாம். சாம்பல் குட்டைக்கு ஒன்று, இரவுக் கூட்டத்துக்கு ஒன்று. அந்த இடத்தில் நின்று பட்டியலுக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் திவ்யா பாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்த பழனிகுமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து படமாக்கிவருபவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுக்கொடுத்தும் வருகிறார். படத்தில் தெரிகிற மக்களே படம் எடுக்கிறவர்களாக மாறுவது தர்ஸ்டன் நினைத்துப் பார்க்காத ஒன்று.

கடைசியாக, வன்கொடுமை நடந்த இடத்துக்குப் போகிறவர்களுக்கு. கறுத்த தோலில் அடிபட்ட கன்றல் எளிதில் தெரியாது. நேரே அடிக்கும் ஃபிளாஷ் அதை இன்னும் மறைக்கும். ஃபிளாஷை அணைத்து, பகல் நிழலில், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழ எடுங்கள். பூ குறி போட்ட கிட்டப் படம் எடுக்கும் முறை, நடுப்புள்ளி ஃபோகஸ், சற்றே கழித்தல். ஒன்று ஆள் முழுதும் தெரிய, ஒன்று கை அல்லது முதுகு, ஒன்று காயம் மட்டும், பக்கத்தில் ஓர் அளவுகோல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டும். ஓரிரு நாள் கழித்து மறுபடி எடுங்கள், கன்றல் அப்போதுதான் தெளியும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹேஷ் எண்ணும் கேட்கப்படுகிறது. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாம் என்று விட முடியாது. எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும். கார்டில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள், வாட்ஸ்அப்பில் போனது மூலம் ஆகாது. கேமராவின் தேதியையும் நேரத்தையும் கிளம்பும் முன் பாருங்கள். பேட்டரியை வெகுநாள் கழற்றி வைத்திருந்தால் பல கேமராக்களில் கடிகாரம் பழைய ஏதோ ஒரு ஜனவரி 1க்குப் போய் நிற்கும்.