பிள்ளையின் குரல் மன்றேறிய வரலாறு

கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளை எவரிடம் வளர்வது, மற்றவர் எப்போது சந்திப்பது என்ற பிணக்கு இந்நாட்டுக் குடும்ப நீதிமன்றங்களுக்கு வரும்போது, நீதிபதி சிலவேளை விசாரணைக்குப் பணிக்கின்றார். அதன்படி ஒருவர் வீடு தேடி வருகின்றார், அறைகளைப் பார்க்கின்றார், பிள்ளையோடு தனித்துப் பேசுகின்றார். கதவு தட்டப்படும் ஓசைக்கே அஞ்சி வாழ்ந்த நம்மவர் பலர் அவரையும் பழைய அச்சத்தோடே நோக்கி, வாய் மூடி இருந்துவிடுகின்றனர். இப்பணி தோன்றிய வரலாற்றை அறிந்தால், அந்த மௌனம் எவருக்கு இழப்பு என்பது விளங்கும்.

ஆதியில் இவ்விசாரணைக்கு இடமே இருக்கவில்லை. அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ஆங்கிலப் பொதுச் சட்டம் பிள்ளையைத் தந்தைக்கே உரியதாகக் கொண்டது. ஏழு வயதிற்குட்பட்ட பிள்ளையின் பொறுப்பையும், மூத்த பிள்ளைகளைச் சந்திக்கும் அனுமதியையும் தாய் மன்றில் கோரலாம் என இங்கிலாந்தில் 1839இல் சட்டம் வந்தது. பின்னர், இளம்பிள்ளை தாயிடமே இருக்க வேண்டும் என்ற கொள்கை அமெரிக்காவிலும் வேரூன்றியது. தந்தையாயினும் தாயாயினும் விதி முன்னரே முடிவு சொல்லிவிட்டது. பிள்ளையைக் கேட்பார் இல்லை.

1874இல் நியூயோர்க்கில் மேரி எலன் என்னும் பத்து வயதுச் சிறுமி வளர்ப்புத் தாயின் கொடுமையிலிருந்து மீட்கப்பட்டாள். அவ்வழக்கின் பயனாகப் பிள்ளைகளைக் காக்கும் சங்கம் அந்நகரில் உருவாயிற்று. 1899இல் சிக்காகோவில் முதலாவது சிறுவர் நீதிமன்றம் அமைந்தது. நன்னடத்தை உத்தியோகத்தர் மன்று வேண்டும் விசாரணையை நடத்த வேண்டும், பிள்ளையின் நலன் சார்பில் மன்றில் நிற்க வேண்டும் என்று அதற்கான சட்டம் விதித்தது. வீடு சென்று விசாரித்து அறிக்கை எழுதும் வழக்கம் இவ்வாறே வலுப்பெற்றது. அதே ஆண்டில் நியூ ஜேர்சியும் பிள்ளைகளின் காவலுக்கென ஒரு மாநிலச் சபையை நிறுவியது.

தமிழகமும் இப்பாடத்தைக் கண்டது. ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பியையும் தந்தை நாராயணய்யா 1910இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் பொறுப்பில் எழுத்துமூலம் ஒப்படைத்தார். 1912இல் மீளக் கேட்டு வழக்கிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 1913இல் தந்தையின் பக்கம் தீர்த்தது. 1914இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. இங்கிலாந்திலிருந்த பிள்ளைகளின் நலன் தக்கவாறு ஆராயப்படவில்லை, அவர்களின் விருப்பம் அறியப்படவில்லை என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

1969இல் கலிபோர்னியா, எவர் குற்றவாளி என்று நிறுவாமலே மணமுறிவு பெறச் சட்டம் இயற்றியது. எழுபதுகளில் பல மாநிலங்கள் தாய்க்கான முன்னுரிமையையும் கைவிட்டன. பழைய விதிகள் நீங்கிய இடத்தில் பிள்ளையின் நலன் ஒன்றே அளவுகோலாக நின்றது. அதனை அளக்க விசாரணையும் இன்றியமையாததாயிற்று. 1981இல் கலிபோர்னியா இப்பிணக்குகளில் மத்தியஸ்தத்தைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் பெக் வழக்கில் பெற்றோரின் கூட்டுப் பொறுப்பை ஏற்றது. அம்மாநிலத்தில் மத்தியஸ்தம் பயன் தராவிடின், பெற்றோரின் தகுதியையும் வீட்டு நிலையையும் ஆராய மன்று பணிக்கலாம். ரெக்சாஸில் 'சமூக ஆய்வு' எனப்பட்டது 2015இல் 'பிள்ளைப் பொறுப்பு மதிப்பீடு' எனப் பெயர் மாறியது; நான்கு வயது நிரம்பிய பிள்ளையோடு உரையாடுவது அதன் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று.

இங்கு ஒரு வேற்றுமையை மனங்கொள்ள வேண்டும். துன்புறுத்தல், கவனியாமை பற்றிய முறைப்பாடுகளை விசாரிப்பது பிள்ளைப் பாதுகாப்புத் திணைக்களம். சந்திப்புப் பிணக்கில் மன்று அனுப்பும் மதிப்பீட்டாளரின் பணி வேறு. பின்னவர் வந்தமையால் பிள்ளையைப் பறிக்க வந்தார் எனக் கலங்குதல் தகாது.

ஆயினும் பார்ப்பவர் கண்ணும் பிழைபடும். பூர்வகுடி அமெரிக்கரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 வரையானோர் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததை எழுபதுகளின் ஆய்வுகள் காட்டின. பாட்டியிடமும் உறவினரிடமும் பிள்ளையை வளரவிடுவதைச் சமூக சேவையாளர் பலர் கவனியாமை என்று எழுதியிருந்தனர். இக்கொடுமையைத் தடுக்கவே 1978இல் தனிச்சட்டம் வந்தது. ரெக்சாஸில் தொடங்கிய வழக்கொன்றில் 2023இல் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது.

அச்சட்டம் நமக்குரியதன்று, ஆனால் அதன் படிப்பினை நமக்கும் உரியது. அம்மம்மா பிள்ளையை வளர்ப்பதும், தாயும் பிள்ளைகளும் ஓரறையில் உறங்குவதும், பெரியவர் முன் பிள்ளை தலை தாழ்த்தி நிற்பதும் நம் வழக்கம் என்பதை நாமே எடுத்துரைக்க வேண்டும். சொல்லாததை அவர் தாமாக அறியார். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுக. பிள்ளையை அதற்கு நிறுத்தற்க. தாய்க்கு எதிராகத் தந்தையோ தந்தைக்கு எதிராகத் தாயோ பிள்ளைக்குச் சொல் கற்பித்தலும் ஆகாது. மதிப்பீட்டாளரின் அறிக்கை தீர்ப்பன்று; பிழை காணின் சட்டத்தரணி மூலம் மன்றில் மறுத்துரைக்கலாம்.

பிள்ளையின் சொல் மன்றத்தை எட்ட நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம் அச்சத்தாலோ நம் பகையாலோ அச்சொல்லை மீண்டும் அடைத்துவிடலாகாது.