கயாக் துடுப்பு வலிக்கும் கலை: ஒரு வரலாற்றுப் பார்வை

கயாக் எனப்படும் ஒடுங்கிய தோணியைச் செலுத்துவது இலகுவானது என்றே கரையில் நின்று பார்ப்போர் எண்ணுவர். ஆனால் கைப்பலத்தை மட்டும் நம்பி வலிப்பவர் விரைவில் களைத்துப்போவார். காலால் மிதிபலகையை உந்தி, இடுப்புக்கு மேல் உடல் முழுவதையும் திருப்பி வலிக்கவேண்டும். நீரில் ஊன்றிய துடுப்பைக் கடந்து தோணி முன்னே செல்லவேண்டும். இன்றைய பயிற்சியாளர்கள் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே. இப்பாடம் உலகெங்கும் பரவிய வரலாறு சுவையானது. அதில் வேதனையும் உண்டு.

கயாக் ஆர்க்டிக் பகுதி மக்களின் வேட்டைத் தோணியாகும். கிறீன்லாந்தின் இனுயிட் மக்கள் கடலில் மிதந்துவந்த மரத்தால் சட்டம் அமைத்து, கடல்நாய்த் தோலால் அதனைப் போர்த்தினர். துடுப்பின் நீளத்துக்கு அளவுகோல் வலிப்பவரின் உடலே. விரித்த கைகளின் அளவான ஒரு பாகமும், அதற்குமேல் ஒரு முழமும் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. துடுப்பின் அலகு கைக்குள் அடங்கும் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். உறைபனிக் கடலில் தோணி கவிழ்ந்தால், துடுப்பை வீசி மீண்டும் நிமிரவேண்டும், தவறினால் மரணம். எனவே சிறுவர்களுக்கு இளவயதிலேயே இக்கலை பழக்கப்பட்டது. குடும்பத்தின் உணவு அதில் தங்கியிருந்தது.

ஐரோப்பா முதலில் தோணியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. 1865 இல் ஜோன் மக்கிரெகர் என்ற பிரித்தானியர் ‘றொப் றோய்’ என்னும் சிறு தோணியில் இருமுனைத் துடுப்புடன் ஐரோப்பிய ஆறுகளில் பயணித்தார். மறு ஆண்டு அவர் எழுதிய நூல் இவ்விளையாட்டைப் பிரபலமாக்கியது. 1888 இல் கிறீன்லாந்தைக் குறுக்கே கடந்த நோர்வே நாட்டவரான நன்சன், அங்கு குளிர்காலத்தைக் கழித்தபோது கயாக் செலுத்தப் பழகி, அம்மக்களின் வாழ்வு பற்றி 1891 இல் நூல் வெளியிட்டார். இத்தகைய எழுத்துகளைப் படித்தே ஒஸ்திரியரான பவ்லாட்டா, 1927 இல் கவிழ்ந்த தோணியைத் துடுப்பால் நிமிர்த்தும் வித்தையைத் தாமாகக் கண்டடைந்தார். அவர் கண்டடைந்தது ஒரு முறையே. கிறீன்லாந்தவரிடமோ முப்பதுக்கும் மேற்பட்ட முறைகள் இருந்தன.

பிரித்தானிய ஆய்வுப் பயணியான ஜீனோ வொட்கின்ஸ் 1930-31 இல் கிழக்குக் கிறீன்லாந்து வேட்டைக்காரரிடமே நேரடியாகக் கற்றார். 1932 ஓகஸ்ட் 20 அன்று தனியே வேட்டைக்குச் சென்ற அவரது கயாக் வெறுமையாக மிதந்தது. உடல் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25. தேர்ந்தவருக்கும் அக்கடல் சலுகை காட்டவில்லை.

1936 இல் பேர்லின் ஒலிம்பிக்கில் கயாக் போட்டி இடம்பெற்றபின் வேகமே இலக்காயிற்று. 1980களில் சுவீடனில் உருவான ‘சிறகுத் துடுப்பு’ விமான இறக்கையைப் போல் வளைந்த அலகைக் கொண்டது. நீரில் அது நேரே பின்னோக்கி வராது, தோணியிலிருந்து சற்று விலகிச் செல்லும். உடலைத் திருப்பாமல் கையால் மட்டும் இழுப்பவருக்கு அதனால் பயனில்லை. போட்டியாளர் பயிற்சியையே அது மாற்றியமைத்தது.

உலகம் இவ்வாறு கற்றுக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், கிறீன்லாந்தின் பெரும்பகுதியில் இயந்திரப் படகும் மீன்பிடித் தொழிலும் கயாக்கை ஓரங்கட்டின. தந்தையர் கற்பிப்பதை நிறுத்தினர், பிள்ளைகள் கேட்கவுமில்லை. 1980களில்தான் இளைஞர் சிலர் விழித்துக்கொண்டு, பழைய வேட்டைக்காரரைத் தேடிச்சென்று கற்றனர். கயாக் சங்கம் அமைத்தனர். ஆண்டுதோறும் போட்டிகளை நடத்தலாயினர். இரு கம்பங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் உடலைச் சுழற்றும் பழைய பயிற்சியும் அவற்றில் இடம்பெறுகின்றது. ஒடுங்கிய துடுப்பும் மீண்டும் கைகளுக்கு வந்தது; இன்று பிறநாட்டவரும் அதனை விரும்பிக் கையாளுகின்றனர்.

அருங்காட்சியகங்களில் கயாக்குகள் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றை எவ்வாறு வலிப்பதென்பதை அறிந்த முதியவர் சிலர் அப்போது உயிருடன் இருந்தமையாலேயே அந்த அறிவு தப்பிப் பிழைத்தது. இன்னொரு தலைமுறை தாமதித்திருப்பின், கேட்பதற்கு எவரும் எஞ்சியிருக்கமாட்டார்.