திரை நினைவகமும் அசெம்பிளி மொழியும்: ஐபிஎம் பிசியில் வரைகலை வளர்ந்த வரலாறு (1981–1996)

முன்னுரை

ஐபிஎம் பிசி 1981ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அப்போது தொடங்கி 1996இல் ‘குவேக்’ விளையாட்டு வெளிவரும் வரை, அந்தக் கணினியின் திரையில் வேகமாக நகரும் படம் வேண்டுமென்றால் நிரலர்கள் அசெம்பிளி மொழியைத்தான் நாடினார்கள். அசெம்பிளி வேகமானது, அதனால் நாடினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை. திரை நினைவகத்தில் பிக்சல்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கண்டறிந்து, அந்த ஒழுங்குக்கு ஏற்ப வரையும் முறையையே மாற்றியபோதுதான் ஒவ்வொரு பாய்ச்சலும் நிகழ்ந்தது. அசெம்பிளி அந்த அறிவைச் செயலுக்குக் கொண்டுவந்த கருவி. இக்கட்டுரை இதை மூன்று கட்டங்களாக நிறுவ முயல்கிறது.

முதற்கட்டம்: சிஜிஏ, ஈஜிஏ

பிசியுடன் வந்த சிஜிஏ கார்டில் 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. 320×200 பிக்சல், நான்கு நிறம். ஒரு பைட்டில் நான்கு பிக்சல். வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நினைவகத்தில் இருக்கவில்லை. இரட்டை எண் வரிகள் தொடக்கத்திலும், ஒற்றை எண் வரிகள் 8,192 பைட் தள்ளியும் இருந்தன. கார்டின் மையமான மோட்டோரோலா 6845 சில்லு எழுத்துகளைக் காட்டுவதற்கென வடிவமைக்கப்பட்டது. 200 வரிகளை நேரடியாக எண்ண அதன் 7 பிட் எண்ணி போதாது. எனவே இரு வரிகளை ஓர் ‘எழுத்து வரிசை’யாகக் கொண்டு, 100 வரிசைகளாக எண்ண வைத்தார்கள். ஒரு சில்லின் வரம்பு, செங்குத்துக் கோடு போடும் ஒவ்வொரு நிரலிலும் எதிரொலித்தது.

1984இல் வந்த ஈஜிஏ 16 நிறங்களைத் தந்தது. இதில் நினைவகம் நான்கு தளங்களாகப் பிரிந்தது. ஒரு பிக்சலின் நான்கு பிட்டுகளும் நான்கு தளங்களில் சிதறிக் கிடந்தன. ஒரு புள்ளி வைப்பது கடினமானது. எட்டுப் புள்ளிகளைச் சேர்த்து வைப்பதோ எளிதானது. இந்த இயல்பையும், திரை எந்த முகவரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் வசதியையும் நிரலர் ஜான் கார்மாக் பயன்படுத்தினார். 1990 டிசம்பரில் வெளியான ‘கமாண்டர் கீன்’ விளையாட்டில் பின்னணி சீராக நகர்ந்தது. திரை முழுவதையும் மீண்டும் வரையும் ஆற்றல் அந்தக் கணினிகளுக்கு இல்லை. தொடக்க முகவரியை நகர்த்திவிட்டு, மாறிய கட்டங்களை மட்டும் புதிதாக வரைந்ததே அதன் சூட்சுமம்.

இரண்டாம் கட்டம்: விஜிஏவும் 13எச் மோடும்

1987இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளுடன் விஜிஏ வந்தது. அதன் 13எச் மோடில் 320×200 பிக்சல். ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். 2,62,144 நிறங்களிலிருந்து தேர்ந்த 256 நிறங்கள். மொத்தம் 64,000 பைட் என்பதால் 8086 செயலியின் ஒரே 64 கிலோபைட் செக்மென்ட்டுக்குள் திரை முழுவதும் அடங்கிவிட்டது. பயாசை ஒருமுறை அழைத்து மோடை மாற்றினால் போதும். பிறகு நினைவகத்தில் நேரடியாக எழுதலாம்.

ஒரு புள்ளி வைக்கும் நிரலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். புள்ளியின் இடம், வரி எண்ணை 320ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் கிடைக்கும். 8086 செயலியில் 16 பிட் பெருக்கலுக்குக் குறைந்தது 118 கடிகாரத் துடிப்புகள் தேவை. 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலியில் 64,000 புள்ளிகளுக்கும் இப்படிக் கணக்கிட்டால், பெருக்கலுக்கே ஏறத்தாழ ஒரு நொடி செலவாகும். திரையோ நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படுகிறது.

நிரலர்கள் கண்ட வழி இது: 320 என்பது 256உம் 64உம் சேர்ந்தது. வரி எண் 199ஐத் தாண்டாது. எனவே ஒரு பைட்டில் அடங்கும். அதை 16 பிட் ரெஜிஸ்டரின் மேல் பாதியில் வைத்து, கீழ்ப் பாதியைச் சுழியமாக்கினால் 256ஆல் பெருக்கியதாகிவிடும். அதை இரண்டு பிட் வலப்புறம் நகர்த்தினால் 64ஆல் பெருக்கிய விடை. வரி 100 எனில் 25,600, நகர்த்தினால் 6,400, கூட்டினால் 32,000. பெருக்கல் கட்டளையே இல்லை. அடுத்த படியில் இந்தக் கணக்கும் தேவையற்றதானது: கிடைக்கோடு வரையும்போது முதற்புள்ளிக்கு மட்டும் முகவரி கண்டு, மற்றவற்றுக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

13எச் மோடுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. விஜிஏவில் 256 கிலோபைட் இருந்தும் இந்த மோடில் கால்பகுதியையே எட்ட முடிந்தது. நிரலர் மைக்கேல் அப்ராஷ் 1991இல் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ இதழில் ‘மோட் எக்ஸ்’ முறையை விளக்கினார். கார்டின் ரெஜிஸ்டர்களை நேரடியாக மாற்றினால் 320×240 பிக்சல் கிடைத்தது; பிக்சல்கள் சதுரமாயின. அடுத்தடுத்த பிக்சல்கள் நான்கு தளங்களில் மாறி மாறி அமர்ந்தன. ஒரு பக்கத்துக்குத் தளம் ஒன்றில் 19,200 பைட் போதும் என்பதால் மூன்று பக்கங்களை வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டும்போதே மற்றொன்றில் வரைய முடிந்தது. நான்கு தளங்களையும் ஒருசேரத் திறந்து ஒரு பைட் எழுதினால் அடுத்தடுத்த நான்கு பிக்சல்கள் நிரம்பின. ஆனால் தளம் மாறும்போதெல்லாம் போர்ட்டுக்கு ஓர் ஆணை அனுப்ப வேண்டும். அது மெதுவான வேலை.

மூன்றாம் கட்டம்: முப்பரிமாணம்

1992 மே மாதம் வெளியான ‘உல்ஃபன்ஸ்டைன் 3டி’ இந்தக் குறையைத் தனக்குச் சாதகமாக்கியது. அதன் சுவர்கள் செங்குத்துக் கீற்றுகளாக வரையப்பட்டன. ஒரு கீற்றின் பிக்சல்கள் எல்லாம் ஒரே தளத்தில் விழும். ஆகவே கீற்றுக்கு ஒருமுறை தளத்தைத் தேர்ந்தால் போதும். சுவர் தோன்றக்கூடிய உயரங்களுக்கு ஏற்ப, படத்தை நீட்டவும் சுருக்கவும் தனித்தனி இயந்திரக் கட்டளைத் தொடர்களை நிரலே தன் நினைவகத்தில் உருவாக்கி வைத்துக்கொண்டது.

1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ பெரும்பாலும் சி மொழியில், நெக்ஸ்ட் கணினிகளில் எழுதப்பட்டது. சுவர்க் கீற்றையும் தரைக் கீற்றையும் வரையும் உள்வளையங்கள் போன்ற சில பகுதிகளே அசெம்பிளியில் இருந்தன. அசெம்பிளியின் பங்கு சுருங்கிய பின்னும் விளையாட்டின் வேகம் வளர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று.

‘குவேக்’ உருவாக்கத்தில் அப்ராஷ் கார்மாக்குடன் இணைந்தார். தொலைவுக்கேற்பச் சுருங்கும் சரியான தோற்றத்துக்குப் பிக்சல்தோறும் வகுத்தல் வேண்டும். வகுத்தலோ மிக மெதுவானது. பெண்டியம் செயலியின் மிதவைப்புள்ளிப் பிரிவு வகுத்துக்கொண்டிருக்கும்போதே முழுஎண் பிரிவு வேறு வேலை செய்ய முடியும். எனவே 16 பிக்சலுக்கு ஒருமுறை மட்டும் வகுத்து, அந்த வகுத்தல் நடக்கும் நேரத்திலேயே முந்தைய 16 பிக்சல்களை வரைந்தார்கள். கட்டளைகளின் வரிசையைக் கையால் கோத்தால்தான் இது கைகூடும். இங்கே அசெம்பிளிக்கு மாற்று இருக்கவில்லை.

முடிவுரை

அதே 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ கார்டு சந்தைக்கு வந்தது. நிரலர்கள் கையால் எழுதிய உள்வளையங்கள் சில்லுக்குள் குடிபுகுந்தன. சில ஆண்டுகளில் வரைகலைச் செயலியே நிரலேற்றத்தக்கதாக மாறியது. அதற்கான முதல் ‘ஷேடர்’ நிரல்களும் அசெம்பிளியை ஒத்த கட்டளைகளிலேயே எழுதப்பட்டன. சி போன்ற ஷேடர் மொழிகள் பிறகே வந்தன. புதிய வன்பொருள் வரும்போது மனிதர் முதலில் அதன் கட்டளைகளோடு நேரடியாகப் பழகுகிறார். அந்தப் பழக்கத்தில் விளைந்த அறிவு பின்னர் மொழியாகவும் சில்லாகவும் உறைகிறது.

இன்றும் ‘எஃப்எஃப்எம்பெக்’, ‘டேவ்1டி’ போன்ற காணொளி மென்பொருள்களின் மிக வேகமான பகுதிகள் கையால் எழுதிய அசெம்பிளியில்தான் உள்ளன. ஆகவே இந்த வரலாற்றை வெறும் பழங்கதையாக ஒதுக்கக் கூடாது. வரைகலை படிக்கும் மாணவர் 13எச் மோடில் ஒரு கோடாவது தம் கையால் வரைந்து பார்க்க வேண்டும். தரவு எங்கே இருக்கிறது, அதைத் தொட என்ன விலை என்ற இரு கேள்விகளையும் அந்த ஒரு கோடு கற்றுத்தந்துவிடும். செயலி எதுவானாலும் வேகமான நிரல் அந்த இரு கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது.