காலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு கம்பி

எங்க சித்தப்பா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல. வாசல்ல ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர் நிக்கும். அதுல இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரைக் கழட்டிட்டு சோலெக்ஸ் மாட்டின மறுநாள், ராஜபாளையம் போற வழியில ஒரு லாரியை முந்த ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சார். வண்டி பாய்ஞ்சுது. காலை எடுத்தார். அப்பவும் பாய்ஞ்சுது! சாவியைத் திருப்பி இஞ்சினை அணைச்சு, ஓரங்கட்டினதால தப்பிச்சோம்.

கார்புரேட்டர்ல ஒரு குறையும் இல்லை. தப்பு, ஒரு சாண் நீளக் கம்பியில. அந்தக் கம்பியோட வரலாறுதான் இந்தப் பதிவு.

எஸ்.யூ.ன்னா ஸ்கின்னர்ஸ் யூனியன். இங்கிலாந்துல காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1900களின் தொடக்கத்துல உருவாக்கினது. ஆரம்ப மாடல்கள்ல காத்தோட இழுப்புக்கு ஏத்தபடி விரிஞ்சு சுருங்கினது தோல் துருத்தி. செருப்புக்காரர் வீட்டுல தோலுக்கா பஞ்சம்! :-) பிறகு துருத்தி போய் பிஸ்டன் வந்தது. 1926ல வில்லியம் மோரிஸ் அந்தக் கம்பெனியை வாங்கினார். அவர் தொடங்கிய மோரிஸ் கம்பெனியின் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார்தான், கல்கத்தா பக்கம் உத்தரபாராவில இந்துஸ்தான் மோட்டார்ஸ் கையில அம்பாசடர் ஆச்சு. எஸ்.யூ. நம்மூருக்கு வந்தது இந்த வழியில.

சோலெக்ஸ் பிரான்ஸ் நாட்டுச் சரக்கு. குதார்ட், மென்னெசோன்னு ரெண்டு பேர் தொடங்கினது. நம்ம நாட்டுல அதைத் தயாரிச்சது சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட். அம்பாசடர்லயே சில வண்டி எஸ்.யூ.வோட வந்தது, சில வண்டி சோலெக்ஸோட வந்தது. புதுக் காருக்கு வருஷக்கணக்குல காத்திருந்த லைசென்ஸ் காலத்துல, வண்டியைத் தூக்கிப் போடற பேச்சே கிடையாது. எது தேய்ஞ்சாலும் கிடைச்சதை மாட்டி ஓட்டணும். அப்படித்தான் பட்டறைகள்ல இந்த மாற்று வைத்தியம் பரவுச்சு.

ஆனா ரெண்டும் வேற வேற பிறவி. எஸ்.யூ.வுல காத்து பக்கவாட்டுல போகும்; அம்பாசடருக்குப் போடற சோலெக்ஸ்ல மேலிருந்து கீழே. எஸ்.யூ.வுல ஒரே ஜெட், அதுக்குள்ள கூம்பு ஊசி. பிஸ்டன் ஏற ஏற பெட்ரோல் கூடும். சோலெக்ஸ்ல அளவு மாறாத ஜெட்டுகள், கூடவே மிதிச்ச உடனே பெட்ரோலைப் பீச்சற குட்டி பம்பு. அந்தப் பம்பையும் அசைக்கிறது அதே ஆக்சிலேட்டர் கம்பிதான். ஆக, கார்புரேட்டரை மாத்தினா பட்டர்பிளை இருக்கற உயரம், அது திரும்பற திசை, லீவரோட நீளம் எல்லாமே மாறுது. கார்புரேட்டரை நட்டு போட்டு முடுக்கிடலாம். கம்பியை அப்படி முடுக்க முடியாது.

பட்டறை அண்ணாச்சி சித்தப்பாகிட்ட சைக்கிளை வச்சு விளக்கினார்: "பெடல் உச்சியில நேரா நிக்கும்போது நட்டுக்குத்தலா அமுக்குங்க சார், சக்கரம் சுத்துமா?" சுத்தாது. அதேதான் இங்கயும். முழுசா மிதிச்சப்போ கம்பியும் லீவரும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துடுச்சு. திரும்ப இழுக்கற ஸ்பிரிங் மாட்டியிருந்தது பெடல் பக்கம். அது எவ்வளவு இழுத்தும் லீவர் திரும்பலை; பட்டர்பிளை திறந்தபடியே நின்னுடுச்சு.

அண்ணாச்சி செஞ்சது நாலு வேலை. லீவர்ல வேற இடத்துல ஓட்டை போட்டு, முழுசா திறந்தாலும் கம்பியோட கோணம் இருக்கற மாதிரி பண்ணினார். லீவர் ரொம்பக் குட்டையானா லேசா தொட்டாலே வண்டி குதிக்கும். ரொம்ப நீளமானா பெடல் தரையில முட்டினாலும் பட்டர்பிளை பாதிதான் திறக்கும். ரெண்டுக்கும் நடுவுல பிடிச்சார். அடுத்து, பட்டர்பிளை லீவர்லயே ரெண்டு ஸ்பிரிங். ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு மூடும். பெடலுக்கு அடியில ஒரு போல்ட்டு, மிதிக்கற பலம் கார்புரேட்டர் ஸ்பிண்டில் மேல விழாம இருக்க. கடைசியா, ரப்பர் மேல உக்காந்திருக்கற இஞ்சின் ஆடினா கம்பி இழுபடாதபடி மூட்டுல கொஞ்சம் விளையாட்டு.

அப்புறம் இஞ்சினை அணைச்சு, என்னை உள்ளே உக்கார வச்சு, "தம்பி, அமுக்கு... விடு" என்று இருபது தடவை பார்த்தார். முழுசா திறக்கணும், தானா மூடணும். அதுக்கப்புறம்தான் சாவியைத் தந்தார்.

2014ல அம்பாசடர் தயாரிப்பு நின்னுபோச்சு. 2020 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் பெரும்பாலான புது பைக், ஸ்கூட்டர்கள்லயும் கார்புரேட்டர் போயிடுச்சு. இன்னிக்குப் பல கார்கள்ல பெடலுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல கம்பியே இல்லை; மின்சாரச் சேதி மட்டும். ஆனா அந்தப் பெடல்லயும் சென்சார் ரெண்டு வச்சிருப்பாங்க, ஒண்ணு சொல்றதை இன்னொண்ணோட ஒப்பிட்டுப் பார்க்க. காலை எடுத்தா மூட ஸ்பிரிங்கும் உண்டு. அண்ணாச்சியோட ரெண்டாவது ஸ்பிரிங்தான், வேற வேஷத்துல.

கார் வரலாறுன்னா இஞ்சின் சிசி, மாடல் வருஷம், முதலாளி பேரு இதெல்லாம் எழுதிடறோம். லீவர்ல எந்த இடத்துல ஓட்டை போடணும்ங்கற அறிவை யாரும் எழுதி வைக்கலை. அது பட்டறைகள்லயே இருந்து, பட்டறைகளோடயே போயிட்டிருக்கு.

டிஸ்கி: உங்க ஊர் பட்டறையிலயும் இப்படி ஒரு அண்ணாச்சி இருந்தா, அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க மக்களே.