அப்பாவின் பாலிசியும் பிரிவு 45-ம்

போன மாதம் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் ஆயுள் காப்பீட்டு பாலிசி கையில் கிடைத்தது. 2016-ல் எடுத்தது. கூடவே அவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பப் படிவத்தின் நகலும் இருந்தது. சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் அப்பாவுடையது, பதில்கள் எல்லாம் ஏஜென்ட் எழுதியவை. அப்பாவுக்கோ 2010-லிருந்தே சர்க்கரை. "நான் சொன்னேன்டா, அதெல்லாம் எழுத வேண்டாம் சார்னுட்டார்" என்கிறார் இப்போது. அன்று இரவு அம்மா தூங்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகி, கம்பெனிக்காரன் இந்தப் படிவத்தை நீட்டினால்?

வரலாற்று மாணவன் என்பதால் நான் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன். ரொம்பப் பின்னால் என்றும் சொல்லலாம்.

சுமத்ரா தீவில் பென்கூலன் என்ற ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை இருந்தது. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், கோட்டையை அந்நிய எதிரி பிடித்தால் தனக்குப் பணம் வரவேண்டும் என்று லண்டனில் இன்சூரன்ஸ் எடுத்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தே விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதைக் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்று சொல்லி, காப்பீடு கொடுத்த போயம் என்பவர் பணம் தர மறுத்தார். 1766-ல் தீர்ப்பு சொன்ன மான்ஸ்ஃபீல்டு பிரபு, காப்பீட்டில் இரண்டு தரப்புமே தெரிந்ததை மறைக்கக் கூடாது என்றார். இன்றைக்கும் கிளெய்மை மறுக்கும் கம்பெனிகள் பிடித்துத் தொங்குவது இந்தக் கொள்கையைத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் ஜெயித்தது கார்ட்டர்! போயமுக்குச் சந்தேகம் இருந்திருந்தால் விசாரித்திருக்கலாமே என்பது நீதிபதியின் எண்ணம். அந்தப் பாதியைக் கம்பெனிகள் வசதியாக மறந்துவிட்டன.

அதற்குப் பிறகு வந்த ஆயுள் காப்பீட்டுப் படிவங்களில் ஒரு வரி நுழைந்தது. இந்தப் பதில்கள்தான் ஒப்பந்தத்தின் அடிப்படை, ஒன்று தவறானாலும் ஒப்பந்தம் செல்லாது. மரணத்துக்குச் சம்பந்தமே இல்லாத பதிலாக இருந்தாலும் சரி. இருபது வருடம் பிரீமியம் வாங்கிக்கொண்டு, ஆள் போன பிறகு பழைய படிவத்தைத் தோண்டலாம். பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடு இருக்க மாட்டார். நியூயார்க் மாநிலத்தில் 1905-ல் பெரிய விசாரணை நடந்து, மறு வருடமே இதற்குக் கால வரம்பு வைத்துச் சட்டம் வந்தது.

நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தது 1938-ம் வருடத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு. பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டால், பதில் தவறு என்று மட்டும் சொல்லிக் கம்பெனி தப்பிக்க முடியாது. அந்த விஷயம் முக்கியமானது, பாலிசிதாரர் மோசடியாகச் சொன்னார், பொய் என்று தெரிந்தே சொன்னார் என மூன்றையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்.

இதை உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொன்னது 1962-ல், மிதுலால் நாயக் வழக்கில். 25,000 ரூபாய் பாலிசி. 1945 மார்ச்சில் எடுத்தது, நடுவில் காலாவதியாகி 1946-ல் புதுப்பித்தார்கள், அந்த நவம்பரிலேயே ஆள் இறந்துவிட்டார். 1947-ல் கம்பெனி கையை விரித்தது. (வழக்கு முடிவதற்குள் 1956-ல் எல்.ஐ.சி.யே வந்துவிட்டது.) இரண்டு வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? முதலில் பாலிசி எடுத்த நாளிலிருந்துதான், புதுப்பித்த நாளிலிருந்து அல்ல என்றது நீதிமன்றம். ஆனாலும் பணம் கிடைக்கவில்லை. 1943-ல் டாக்டரிடம் சிகிச்சை பெற்றதை வேண்டுமென்றே மறைத்தது நிரூபணமாகிவிட்டது. கட்டிய பிரீமியம்கூடத் திரும்பவில்லை.

2015-ல் இந்தப் பிரிவையே மாற்றி எழுதினார்கள். இப்போது மூன்று வருடம் தாண்டினால் எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, மோசடி என்றுகூட! கேட்கவே இனிப்பாக இருக்கிறது இல்லையா? உள்ளே போய்ப் படித்தால் கொஞ்சம் கசக்கிறது. மூன்று வருடத்துக்குள் மோசடி என்று கம்பெனி சொல்லி, பாலிசிதாரர் உயிரோடு இல்லையென்றால், அது மோசடி இல்லை என்று காட்டவேண்டிய பாரம் பணம் வாங்க வருபவர் தலையில். அதாவது, ஏஜென்டிடம் கணவர் என்ன சொன்னார் என்பதை மனைவி நிரூபிக்க வேண்டும். மோசடி இல்லாத வெறும் தவறு என்றால், பிரீமியத்தையாவது 90 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். இன்னொன்று, 1962 தீர்ப்புக்கு நேர் எதிராக, காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் போவதற்கு இடங்களும் உண்டு. 1986-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்சூரன்ஸையும் சேவையாகச் சேர்த்துக்கொண்டது. 1998-ல் வந்த விதிகளின்படி குறைதீர்ப்பாளர் வந்தார், சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 2023-லிருந்து 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம். அவர் தரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். ஊரடங்கு சமயத்தில் அப்பா பிரீமியம் கட்டாமல் விட்டு, 2020 கடைசியில் புதுப்பித்திருக்கிறார். கணக்கு அன்றிலிருந்து ஓடி, 2023 கடைசியில் மூன்று வருடம் முடிந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னதும் முகம் தெளிந்தது.

வயது தவறாக இருந்தால் மட்டும் எப்போது வேண்டுமானாலும் சான்று கேட்டு பாலிசியைத் திருத்தலாம் என்று அதே பிரிவின் கடைசியில் இருப்பதையும் சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதம், ஜாதகத்தில் மார்கழி. அம்மா இப்போது ஜாதகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.