தாயின் பங்கும் தந்தையின் பங்கும்

அரிவாள் செல் சோகையும் ஹீமோபிலியாவும் ரத்தத்தைப் பாதிக்கும் பரம்பரை நோய்கள். ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அவை வந்து சேரும் வழி வேறுவேறு. இந்த வேறுபாடு தெரியாத குடும்பங்களில் பழி பெரும்பாலும் பெற்றவள் தலையில்தான் விழுகிறது.

அரிவாள் செல் சோகையின் வேர் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அதனால் புரதச் சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் அமர்ந்துவிடும். ஆக்சிஜன் குறைந்ததும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகும். வட்டமான சிவப்பணு கதிர் அரிவாளாய் வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கும். எலும்புக்குள்ளிருந்து கிளம்பும் அந்த வலியில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் துடித்துப்போகிறார்கள்.

இந்த மரபணு எல்லோரிடமும் இரண்டு பிரதிகளாக உண்டு: தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒன்று மட்டும் பழுதானால் மற்றது ஈடுகட்டும்; அவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் 1866-இல் வெளியிட்ட கணக்குதான் இது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்கும். மகனா மகளா என்பது இங்கே பொருட்டில்லை. தாய்க்கும் தந்தைக்கும் சரிபாதிப் பங்கு.

ஹீமோபிலியாவில் நிலைமை அப்படியில்லை. ரத்தம் உறையத் தேவையான 8-ஆம், 9-ஆம் காரணிகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் தாய் தருவது. அது பழுதானால் ஈடுகட்ட வேறு பிரதி கிடையாது. விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டு, கீழே விழுந்ததில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் 1884-இல் 30 வயதில் இறந்தார். மகாராணியின் மகள், பேத்தி வழியாக ரஷ்ய இளவரசர் அலெக்ஸியையும் நோய் எட்டியது. நோயுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு இது வராது. மகள்கள் அனைவரும் பழுதான மரபணுவைப் பெறுவார்கள். மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்திலோ முன்பு யாருக்கும் இது இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம் அது.

சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் வழக்கத்தை இங்கே பேசியாக வேண்டும். அரிவாள் செல் சோகையில் உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். ஒரே மூதாதையின் பழுது இருபுறமிருந்தும் வந்து சேரலாம். ஹீமோபிலியாவுக்கும் அதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. பொதுவாக அது சரியல்ல. ஒரு விலக்கு இருக்கிறது: நோயுள்ள தாய்மாமன் அக்கா மகளை மணந்து, அவளிடமும் ஒரு பழுதான எக்ஸ் இருந்தால், அவர்களுடைய மகள்களுக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பில் நோய் வரும்.

அரிவாள் செல் பழுதின் ஒற்றைப் பிரதி கடும் மலேரியாவிலிருந்து காக்கும். அதனால்தான் அது மலேரியா மிகுந்த நிலங்களில் தலைமுறைகளாக நிலைத்தது. நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பது 1952-இலேயே பதிவானது. அதைக் குலத்தின் குறையாகப் பேசுவது அறியாமை.

அரிவாள் செல் உள்ள பகுதிகளில் திருமணத்துக்கு முன் பெண், மாப்பிள்ளை இருவருமே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஹீமோபிலியா இருந்தால் அக்கா தங்கைகளுக்கும் சித்திகளுக்கும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காரணியின் அளவையும் பாருங்கள்; ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்களிலும் சிலருக்கு மாதவிடாயிலும் பிரசவத்திலும் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகும்.