பதிவேட்டில் ஏறாத பேச்சு

கிளை நூலகத்தின் வரலாற்றைப் பதிவேடுகளை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். எந்தத் தேதியில் எந்தப் புத்தகம் எந்த உறுப்பினருக்குப் போனது என்பது அதில் இருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "முக்கால்வாசி சூப்பர் மேடம், கடைசியில ஏமாத்திட்டாரு" என்று சொன்னது இருக்காது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் நூலகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். விட்டுப்போன அந்தப் பாதியை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எங்கள் நூலகங்களுக்குத் தாய்வீடு 1948ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்றைக்கும் வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக வருவது அதன் வழியில்தான். அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். பயிற்சிக்காக லண்டன் போனபோது அவருக்கு ஆசிரியராக வாய்த்த பெர்விக் சேயர்ஸ், சிறுவர் நூலகங்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர். 1931இல் வந்த ரங்கநாதனின் ஐந்து விதிகளில் இரண்டு எனக்கு மனப்பாடம்: வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டுமானால் எதிரே நிற்பவரிடம் வாய் திறந்து பேசியாக வேண்டும். ஆனால் எங்கள் சுவரில் மாட்டியிருந்த பலகையோ 'அமைதி காக்கவும்' என்றது.

சிறுவர் பகுதி உண்டு, பெரியவர்களுக்கு அலமாரிகள் உண்டு. பதினான்கு வயதுக்கு எதுவும் இல்லை. அம்புலிமாமாவைத் தொட்டால் கூட வந்தவன் சிரிப்பான். பெரிய நாவலை எடுத்தால் பக்கத்தில் பேப்பர் படிக்கும் பெரியவர் முறைப்பார். நியூயார்க் பொது நூலகத்தில் இந்த வயதுக்காரர்களோடு பழகுவதையே தனி வேலையாக்கி 1919இல் மேபல் வில்லியம்ஸை நியமித்தார்கள். பின்னால் மார்கரெட் ஸ்காகின் அங்கே பிள்ளைகளையே வானொலியில் உட்காரவைத்துப் புத்தகங்களைப் பற்றிப் பேசவைத்தார். எங்களுக்கு இருந்தது புத்தகம் வழங்கும் மேசை ஒன்றுதான். வாசகர் வட்டக் கூட்டங்கள் நடந்தன. அங்கே பேசியவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். பிள்ளைகள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

மேசையருகே பேச்சு எப்போதும் பாட்டில்தான் தொடங்கியது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த நூலகர் தம் காலத்தைச் சொல்வார்: இந்தக் கடற்கரையில் இலங்கை வானொலி எடுக்காத வீடு கிடையாது; அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவைப் போலவும் அப்துல் ஹமீதைப் போலவும் பேசிக்காட்டிக்கொண்டே பையன்கள் படியேறுவார்களாம். என் காலத்தில் கேசட். 'ரோஜா' வந்த 1992க்குப் பிறகு இளையராஜாவா ரஹ்மானா என்கிற சண்டை உள்ளே வரும்போதே தொடங்கியிருக்கும். நான் ராஜா பக்கம். அதைச் சொல்லவும் தயங்கியதில்லை. நான் ஒரு பக்கம் நின்றதால்தான் அவர்களும் என்னிடம் வாதாடினார்கள். எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று மழுப்பும் நூலகரிடம் எந்தப் பிள்ளையும் இரண்டாவது கேள்வி கேட்காது.

ஒருநாள் ஒருவன் கேட்டான்: "பாட்டு எழுதுறவங்கள்லாம் புக்கும் எழுதுவாங்களா மேடம்?" அந்தக் கேள்விதான் எனக்குத் திறவுகோல். கண்ணதாசன் பாட்டைப் பற்றிப் பேசியவனிடம் 'வனவாசம்' போனது. வைரமுத்துவைச் சொன்னவனுக்குக் கவிதைத் தொகுப்பு, பிறகு 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. எல்லாரும் முழுக்கப் படித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பெண் பிள்ளைகள் கதை வேறு. வயதுக்கு வந்தபின் பலர் வருவது நின்றுவிடும். தம்பி வருவான், கையில் துண்டுச் சீட்டு இருக்கும். ரமணிசந்திரன் என்று பெயரும், அதற்குக் கீழே ஒரு வரியும்: 'போன வாரம் கொடுத்தது அழுகையா இருந்தது, வேற கொடுங்க அக்கா.' நானும் அதன் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவேன்: 'இதில் அழுகை குறைவு. அடுத்து அம்பை படித்துப் பார்.' முகம் பார்க்காமலே மாதக்கணக்கில் இப்படி நடந்த பேச்சுகள் உண்டு. நான் கேட்ட புத்தக விமர்சனங்களில் சுற்றிவளைக்காமல் பேசியவை அந்தச் சீட்டுகள். அவற்றைச் சேர்த்துவைக்க எந்த விதியும் சொல்லவில்லை, குப்பையோடு போய்விட்டன. இந்த மாவட்டத்துப் பெண் பிள்ளைகள் என்ன நினைத்துப் படித்தார்கள் என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று வேறென்ன கிடைக்கப்போகிறது?

மாமல்லபுரம் பக்கம் வேலை பார்த்தபோது 'சிவகாமியின் சபதம்' ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. 1944இல் கல்கி இதழில் தொடங்கிய தொடர். இந்தக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது கதை மனதில் எழுந்ததாகக் கல்கியே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது பல்லவர் காலம். இங்கே சிற்பக்கூடத்து வீட்டுப் பையனுக்கு அது அப்பாவின் தொழில். கதையில் வரும் சிற்பியைப் பற்றி அவன் கேட்டான்: "ஆயனர் இத்தனை வருசம் கல்லு செதுக்குறாரே, அவருக்கு இருமலே வராதா மேடம்?" கல் தூசி நெஞ்சில் இறங்கியவரைத் தினமும் பார்க்கிற பிள்ளை கேட்ட கேள்வி. அந்த நாவலை நான் பலமுறை படித்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு ஆயனர் வரும் பக்கங்களை நான் முன்போல் படிப்பதில்லை.

அப்புறம் செல்போன் வந்தது. கேசட் கடைகள் மூடின. பிளஸ் டூ முடித்தவர்கள் போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்காக வந்தார்கள்; பேச்சு குறைந்தது. ஆனாலும் 2016 ஆகஸ்ட் 14இல் பாடலாசிரியர் நா. முத்துக்குமார் இறந்தபோது மறுபடியும் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளை; நாற்பத்தொரு வயது. வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்த தமிழாசிரியரின் மகன் அவர் என்று சொன்னதும், அந்தப் பெயரைப் பாட்டில் மட்டுமே கேட்டிருந்தவர்கள் அவருடைய 'அணிலாடும் முன்றில்' கேட்டார்கள். எங்களிடம் ஒரே பிரதி. வரிசைக்காக ஒரு நோட்டில் பெயர் எழுதச் சொன்னேன். அவர்களாகவே பெயருக்குப் பக்கத்தில் தங்களுக்குப் பிடித்த பாட்டையும் எழுதினார்கள். ஒருத்தி, முன்னால் எழுதியவனின் பாட்டை அடித்து, 'இது அவர் எழுதினதே இல்ல' என்று திருத்தியிருந்தாள். அவள் சொன்னது சரி.